ரெட்டை சைலன்சர் வைத்த வண்டி

காக்கிச் சட்டையைத் துவைக்க எடுத்து உதறியபோது பையிலிருந்து மூன்று ரப்பர் மூடிகள் துவைக்கிற கல்லில் விழுந்து உருண்டன. ராஜாங்கம் ஒன்றைக் குனிந்து எடுத்தான். எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது.

அம்பாசடர் காரில் பின்சீட்டுக்காரர்கள் கால் வைக்கிற தகட்டில் ஓட்டைகள் உண்டு. உள்ளே தண்ணீர் தேங்கினால் வடியட்டும் என்று கம்பெனிக்காரனே போட்ட ஓட்டைகள். அவற்றை அடைக்கிற மூடிகள்தான் இவை. வண்டிக்கு அடியில் படுத்து வெல்டிங் வைத்தால் ரப்பர் உருகிவிடும். அதனால் முதலில் மூடிகளைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு, தகட்டின் மேல் ஈரச் சாக்கை விரித்துவிட்டுத்தான் அவன் வேலையைத் தொடங்குவான். முடிந்ததும் பையைத் தடவிப் பார்ப்பான். பதினோரு வருஷத் தொழிலில் ஒரு நாள் தவறியதில்லை. இன்று காலை தடவிப் பார்க்கவில்லை.

அந்த வண்டியில்தான் அவன் மனைவி காசியம்மாளும் ஒன்றரை வயதுப் பையன் கண்ணாயிரமும் அரை மணி நேரத்துக்கு முன்னால் வெள்ளிமலைக்குப் புறப்பட்டுப் போயிருந்தார்கள்.

வெறும் ஓட்டை மட்டும் என்றால் இவ்வளவு பயம் இல்லை. ஓட்டைக்கு நேர் கீழே அவன் வைத்த இணைப்பு பாதியில் நின்றிருந்தது. அது அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

வண்டி ரிஷிவந்தியத்து அன்புச்செல்வனுடையது. மலையில் கடுக்காய்க் குத்தகை எடுக்கிறவர், பரம்பரைப் பணக்காரர். பணம்தான் பழையது, ஆசையெல்லாம் புதுசு புதுசாக வரும். பாண்டிச்சேரியில் எவனோ ஒருவன் காரின் பின்னால் இரண்டு குழாய் நீட்டிக்கொண்டு உறுமியதைப் பார்த்ததிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. கள்ளக்குறிச்சியில் ராஜாங்கம் பட்டறைக்கு வந்து, நமக்கும் ரெட்டை சைலன்சர் வேண்டும் என்று நின்றுவிட்டார். இஞ்சினிலிருந்து வருகிற ஒற்றைக் குழாயை நடுவில் அறுத்து, கவட்டை மாதிரி இரண்டாகப் பிரிகிற குழாயை அங்கே பொருத்தி, பக்கத்துக்கு ஒரு சைலன்சராகப் பின்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். இரண்டு நாள் வேலை. சைலன்சர்களை ராஜாங்கம் முழுசாகப் பற்றவைத்துவிட்டான். கவட்டையில் மட்டும் நாலு பொட்டு வைத்திருந்தான். குழாய் ஆடாமல் நிற்க அங்கங்கே வைக்கிற சின்னப் பற்று அது. மீதிச் சுற்றை முடிப்பதற்குள் கேஸுக்கு வேண்டிய கார்பைடு கல் தீர்ந்துவிட்டது. வாங்கலாம் என்று ஓடினால் கடைத்தெரு முழுக்க ஷட்டர் இறங்கிக் கிடந்தது. எண்பத்தேழாம் வருஷம் செப்டம்பர் மாதம் அது. இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரத்துக்குச் சாலை மறியல் என்று அறிவித்திருந்தார்கள். அன்றைக்குத்தான் முதல் நாள்.

இணைப்பைச் சுற்றிக் கல்நார்க் கயிற்றை இறுக்கி, ஒரு கிளாம்ப் போட்டுவிட்டு, “வண்டி இன்னிக்கு வாணாங்க மொதலாளி” என்று சொல்லியிருக்க வேண்டியவன் சொல்லவில்லை. சொல்ல முடியாதபடி முந்தின நாளே ஓர் உதவி கேட்டிருந்தான். காசியம்மாளுக்கு வெள்ளிமலை மாணவர் விடுதியில் சமையல் வேலை. தங்கை வீட்டு விசேஷத்துக்கு இறங்கி வந்தவள், பஸ் நின்றுபோகும் என்று தெரிந்ததும் தவித்துப்போனாள். அங்கே நாற்பது பிள்ளைகளுக்குப் பொங்கிப் போட வேறு ஆள் கிடையாது. மலைக்குப் போகிற முதலாளி பின்சீட்டில் ஏற்றிக்கொள்கிறேன் என்றார். பெரிய மனது. அந்தப் பெரிய மனதுக்கு முன்னால் வேலை பாக்கி என்று எப்படி வாய் திறப்பது?

வாய் திறக்காமலும் இருக்கவில்லை. அதுதான் இப்போது அவனைக் கொன்றது. வண்டி கிளம்பும்போது முதலாளியிடம், “புது பெயிண்டு சூட்டுல ஒரு மாதிரி வாசன அடிக்கும். நாலு நாளைக்கு இருக்கும், கண்டுக்காதீங்க” என்று அவனே சொன்னான். பெண்டாட்டியைத் தனியாகக் கூப்பிட்டுக் காதைக் கடித்தான். “பையன சீட்டு மேல வெக்காத. புதுசா உறை போட்டுக்கிறாரு. ஒன்னுக்குப் போயிட்டான்னா அவரு மூஞ்சில முழிக்க முடியாது. கால் வெக்கிற எடத்துல துணிய விரிச்சுப் படுக்க வெச்சிடு. தூத்தல் அடிக்குது, கண்ணாடிய ஏத்திக்க.” காசியம்மாள் தலையாட்டினாள். அவன் சொன்னதைச் செய்கிறவள்.

தொழில் பழகிய காலத்தில், சேலத்தில், மூடின ஷெட்டுக்குள் இஞ்சினை ஓடவிட்டுவிட்டுத் தூங்கிப்போன ஒருவரை விடிந்ததும் தூக்கியதை ராஜாங்கம் பார்த்திருக்கிறான். முகம் சிவந்து, நிம்மதியாகத் தூங்குகிறவர் மாதிரிதான் கிடந்தார். அந்தப் புகை ஆளை இருமவைத்து எழுப்பாது. தலையைக் கனக்கவைத்துத் தூங்கவைக்கும். ராஜாங்கம் துவைக்காத சட்டையையே மாட்டிக்கொண்டு ஈர வேட்டியோடு சைக்கிளை எடுத்தான்.

வழியில் யாருக்கும் சொல்லி அனுப்ப வழியில்லை. பஸ் இல்லை, லாரி இல்லை. கச்சிராயபாளையம் ரோட்டில் அவன் சைக்கிள் சங்கிலிச் சத்தம் அவனுக்கே கேட்டது. ஊர் எல்லையில் ஒரு புளியமரத்தை வெட்டி நடு ரோட்டில் சாய்த்திருந்தார்கள். முகம் தெரிந்த ஆட்கள் இரண்டு பேர் சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். அம்பாசடர் போனதா என்று கேட்டான். மரம் விழுவதற்குக் கால் மணி முன்னால் போய்விட்டது என்றார்கள். பெரிய சத்தமாம், கல்யாணத்துக்குப் போகிற வண்டியா என்று ஒருவன் சிரித்தான்.

ராஜாங்கம் மிதித்தான். தூறல் கண்ணில் அடித்தது. எத்தனை நிமிஷம் ஆகியிருக்கும், தரையிலிருந்து ஒன்றரை வயதுப் பிள்ளையின் மூக்கு எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்று மனது கணக்குப் போட ஆரம்பித்தது. நிறுத்து என்றால் நிற்கவில்லை. பையன் தரையிலேயே கிடக்கிறான், மூக்குக்கும் ஓட்டைக்கும் ஒரு சாண் கூட இருக்காது. காசியம்மாள் எட்டிப் பார்த்து, பிள்ளை அசந்து தூங்குகிறான் என்று சந்தோஷப்பட்டிருப்பாள். ரோட்டோரத்துச் சாமி ஒன்றைக்கூட அவன் விடவில்லை, எல்லாவற்றையும் கும்பிட்டுக்கொண்டே போனான்.

ஏழெட்டு மைல் தாண்டி இரண்டாவது மறியல், இதுவும் அம்பாசடர் தாண்டிய பிறகு சாய்த்த மரம்தான். இங்கே முகம் தெரிந்தவர் யாருமில்லை. முப்பது நாற்பது பேர், கையில் கோடாலி, கடப்பாரை. போலீஸ் வேன் வருகிறது என்று விடியற்காலையிலிருந்து வதந்தி. தூக்கம் இல்லாத கண்கள். ஒருவன் சைக்கிள் கைப்பிடியைப் பிடித்து நிறுத்தினான்.

“எந்த ஊரு? யாரு நீ?”

அந்த வாரத்தில் யாரு என்று கேட்டால் பெயரைச் சொன்னால் போதாது, எந்தச் சாதி என்பதுதான் கேள்வி. சாவுக்கும் பிரசவத்துக்கும் வழி விட வேண்டும் என்பது மறியல்காரர்கள் தங்களுக்குள் செய்திருந்த ஏற்பாடு. காலையில் கடைத்தெருவில் பேசிக்கொண்டது நினைவுக்கு வந்தது.

“சாவுக்குப் போறேண்ணே” என்றான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

“யாரு செத்தது?”

ஒரு பெரியப்பா, ஒரு மாமன், யாராவது ஒரு பெயரைச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் இரண்டே பெயர்கள்தான் வரும் போல இருந்தது. அந்த இரண்டையும் சொல்லக் கூடாது.

“தெரிலண்ணே. போனாதான் தெரியும்.”

பிடித்திருந்தவன் அவன் முகத்தை உற்றுப் பார்த்தான். என்ன தெரிந்ததோ, கையை எடுத்துவிட்டான். “வுடுங்கடா, போவட்டும்” என்றான். வேட்டுக் குழாயில் மருந்து கெட்டித்து இரண்டு வேட்டு போட்டார்கள். அதுவும் ஓர் ஏற்பாடுதான். இரண்டு வேட்டு என்றால் வருகிறவனுக்கு வழி விடு. மூன்று என்றால் போலீஸ் வருகிறது, எதையும் விடாதே, எல்லா வண்டியையும் நிறுத்தி ஆட்களை இறக்கு. திருவிழாவுக்கு வைத்திருந்த குழாய்கள் அந்த வாரம் இப்படித்தான் ஊருக்கு ஊர் பேசிக்கொண்டன.

கரும்புத் தோட்டம் இரண்டு பக்கமும் மூடிக்கொண்ட இடத்தில் அந்தச் சத்தம் கேட்டது. தாழ்ந்த, கனமான உறுமல். இரண்டு குழாயும் சேர்ந்து விடுகிற மூச்சு. அவன் கையால் செய்தது, ஆயிரம் வண்டிச் சத்தத்தில் கேட்டாலும் தெரியும். மலைப்பக்கம் ஏறுகிறது என்று நினைத்தான். இன்னும் ஓடுகிறது என்றால் ஓட்டுகிறவர் விழித்திருக்கிறார். முன்சீட்டுக்காரர் விழித்திருக்கிறார் என்பதால் பின்சீட்டில் கீழே கிடக்கிறவன் விழித்திருப்பான் என்று ஆகிவிடாது. மார்பு வலிக்க மிதித்தான்.

கச்சிராயபாளையத்துக்கு முன்னால் ஏரிக்கரைத் திருப்பத்தில் மூன்றாவது மரம். அந்தப் பக்கம் மைல்கல்லின் மேல் ஒரு பெண் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் பிள்ளை. ராஜாங்கம் சைக்கிளைப் போட்டுவிட்டு மரத்தின் மேல் ஏறி, கிளைகளுக்குள் விழுந்து எழுந்து, கை கால் சிராய்த்துக்கொண்டு போய்ச் சேர்ந்தான்.

கண்ணாயிரம் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தான். முகம் வெளுத்து, உதட்டோரம் பால் காய்ந்து, அப்பனைப் பார்த்ததும் சிணுங்கினான். அந்தச் சிணுங்கலைப் போல ஒன்றை ராஜாங்கம் அதுவரை கேட்டதில்லை. உயிர் போய் உயிர் வந்தது.

“நீங்க எதுக்கு வந்தீங்க?” என்றாள் காசியம்மாள். அவளும் சோர்ந்துபோயிருந்தாள். “வழி பூரா தல கிர்ருனு சுத்திக்கினு வந்துது. இவன் அசையவே இல்ல, தூங்கறான்னு நெனச்சேன். இவங்க மரத்தப் போட்டு எறக்கி வுட்டாங்க. காத்துல ஒரு மணி நேரம் வெச்சிக்கினு ஒக்காந்தப்புறம்தான் கக்கிட்டு கண்ண முழிச்சான்.”

வழி முழுக்க அவன் சபித்துக்கொண்டு வந்த மரங்களில் ஒன்றுதான் பிள்ளையைக் காப்பாற்றியிருந்தது. அதற்குக் கைகூப்பலாமா என்றுகூட நினைத்தான்.

“வண்டி எங்க?”

“அத இப்பதான் அனுப்பிச்சாங்க. இந்த அண்ணன் பொண்டாட்டி கமலாவுக்கு வலி கண்டுச்சு.” கோடாலியைத் தோளில் சாய்த்து நின்றிருந்த ஒருவனை அவள் கண்ணால் காட்டினாள். “மொதலாளி மாட்டேன்னாரு. இவங்க வுடுல. ஏரிக்கரை மண்ணு ரோடா கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவுறாரு. அந்தப் பொண்ண சீட்டுல படுக்க வெச்சிட்டு, அவங்க அம்மா கெழவி கீழ ஒக்காந்துக்கினு போவுது. மழன்னு கண்ணாடிய நல்லா ஏத்திவுட்டாங்க.”

ராஜாங்கம் கேட்ட உறுமல் மலை ஏறிய உறுமல் இல்லை.

கோடாலிக்காரன் பெயர் வீரமுத்து. அந்த மறியலுக்கு அவன்தான் தலைவன் மாதிரி. சுற்றிலும் அவன் ஆட்கள் இருபது பேர். இப்போது சொன்னால் என்ன நடக்கும் என்று தெரியவில்லை. வெட்டமாட்டார்கள் என்று யார் உறுதி சொல்வது? சொல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பது நன்றாகத் தெரிந்தது. தன் பெண்டாட்டி இங்கே இருக்கிறாள், பிள்ளை இங்கே இருக்கிறான். வாயை மூடிக்கொண்டு இருவரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டால் கேட்பார் கிடையாது. பிரசவத்தில் போய்விட்டாள் என்று ஊர் அழும், கிழவி அதிர்ச்சியில் போனாள் என்று சொல்லும். கொஞ்ச நேரம் அவன் அப்படித்தான் நின்றான். ஏரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து காற்று அந்த உறுமலைக் கொண்டுவந்தது. சேற்றில் வண்டி மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருந்தது.

“அண்ணே” என்றான். “அந்த வண்டிய நிறுத்துங்க.”

“எதுக்கு?”

“நான்தான் அதுக்கு சைலன்சர் வெச்சவன். அடியில ஜாயிண்டு முடிக்கல. தகட்டுல ஓட்ட இருக்குது, மூடி எங்கிட்டயே இருந்துட்டுது. பொக உள்ள வரும். கண்ணாடி ஏத்திக்கினு போனா தூங்கிடுவாங்க. அப்புறம் எழுப்ப முடியாது.”

வீரமுத்துவின் கை அவன் சட்டையைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்தது. “தெரிஞ்சே வுட்டியா?”

“தெரிஞ்சிருந்தா எம் பொண்டாட்டி புள்ளைய அதுல ஏத்துவனா? நான்தாண்ணே புள்ளையக் கீழ படுக்க வெக்கச் சொன்னேன். சீட்டு பாழாவக் கூடாதுன்னு.”

வீரமுத்து திரும்பிப் பையனைப் பார்த்தான். வெளுத்த முகம், தாயின் தோளில் துவண்டு கிடக்கிற கழுத்து. வேறு சாட்சி தேவைப்படவில்லை. பிடியை விட்டான். “மூணு வேட்டு போடுடா” என்று கத்திக்கொண்டே வயலில் இறங்கி வரப்பில் ஓட ஆரம்பித்தான். பின்னாலேயே நாலு பேர் ஓடினார்கள்.

முதல் வேட்டு வெடித்தது. இரண்டாவது வெடித்தது. மூன்றாவதற்கு நெருப்பு வைத்தார்கள். திரி புஸ்ஸென்று அணைந்தது. மருந்து மழையில் ஈரமாகியிருந்தது. இரண்டு வேட்டு என்றால் வழி விடு என்றல்லவா அர்த்தம். ஏரித் தண்ணீர் வழிந்தோடுகிற கலிங்கில் மண் ரோட்டை மறித்து நிற்கிற ஆட்கள் கட்டைகளை ஓரமாகத் தள்ளி, அம்பாசடரை வா வா என்று அனுப்பப் போகிறார்கள். கொட்டிவிட்டு மறுபடி கெட்டித்தார்கள். கெட்டிக்கிற அவசரத்தில் மருந்து தரையில் சிந்தியது. ராஜாங்கம் தன் சட்டையைக் கழற்றிக் குழாய்க்கு மேலே குடை மாதிரி பிடித்துக்கொண்டான். தீக்குச்சி இரண்டு அணைந்தன. மூன்றாவது பற்றியது.

வேட்டு வெடித்தபோது அவன் முகத்துக்கு ஓர் அடி தூரத்தில்தான் இருந்தது. காது அடைத்துக்கொண்டது. அடைத்த காதோடு ஏரிப்பக்கம் திரும்பி நின்றான். மற்றவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் உறுமல் இன்னும் கேட்கிறதா என்று அவனுக்குத் தெரிந்தது. கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு மருந்து கெட்டித்தவன் அவன் காதருகே வந்து, “நின்னுடுச்சு” என்று கத்தினான்.

நின்றது இறங்குவதற்கா, ஓட்டியவர் சாய்ந்துவிட்டதாலா என்று தெரிய இன்னும் வெகு நேரம் ஆனது. அந்த நேரத்தில் ராஜாங்கம் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. ஓடிப்போனவர்களில் ஒருவன் வரப்பு வழியாகத் திரும்பி வந்தான். சேறு இடுப்பு வரை.

“எறக்கியாச்சு. கெழவிதான் மயங்கிக் கெடந்துது, தண்ணி தெளிச்சதும் எழுந்து ஒக்காந்துட்டா. கமலா பேசுது. கட்டில்ல வெச்சுத் தூக்கிக்கினு போறாங்க, ஆஸ்பத்திரிக்குப் பாதி தூரம் போனா மாட்டுவண்டி கெடைக்கும். மொதலாளி ரோட்டோரமா வாந்தி எடுத்துக்கினு கெடக்கறாரு.” பிறகு ராஜாங்கத்தைப் பார்த்து, “வீரமுத்து உன்ன எங்கயும் போவாம இருக்கச் சொன்னான்” என்றான்.

ராஜாங்கம் சரி என்று தலையாட்டினான். சேற்றிலேயே உட்கார்ந்தான். அடித்தாலும் அடிக்கட்டும், யாரும் சாகவில்லை. அழுகை வந்தது. துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது காசியம்மாள் எழுந்து நின்றிருந்தாள். அவன் வீரமுத்துவிடம் சொன்னதையெல்லாம் அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள். அது இப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

“காசி” என்று எழுந்தான்.

அவள் துணிமூட்டையை எடுத்துக்கொண்டாள். மலைக்கு நடந்தே போகப் போகிறாள் என்று தெரிந்தது. வெள்ளிமலை வரைக்கும் மலைப்பாதை, இருட்டுவதற்குள் பாதி தூரம் போனால் ஏதாவது ஜீப் கிடைத்தாலும் கிடைக்கும். திருப்பத்துக்கு அப்பால் இன்னொரு மரம் குறுக்கே கிடந்தது, இடுப்பளவு உயரத்துக்கு. தாண்டுவதற்குப் பிள்ளையை யாரிடமாவது கொடுத்தாக வேண்டும்.

ராஜாங்கம் ஓடிப்போய் அவள் பக்கத்தில் நின்று இரண்டு கையையும் நீட்டினான். காசியம்மாள் அந்தக் கைகளைப் பார்த்தாள். பிறகு மரத்துக்கு அந்தப் பக்கம், வாயில் பீடியோடும் தோளில் கோடாலியோடும் நின்றிருந்த முன்பின் தெரியாத ஒருவனைக் கூப்பிட்டு, “அண்ணே, இவனக் கொஞ்சம் புடிங்க” என்று கண்ணாயிரத்தை அவனிடம் கொடுத்தாள்.